நிலத்தடிச் சான்றும் உலோக உணர்கருவியும்: இங்கிலாந்தின் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

நிலத்திலே புதையுண்டு கிடக்கும் பழம்பொருள்களை வெளிக்கொணர்வோர் யாவரும் தொல்லியலாளர் அல்லர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் புதையல்களுள் மிகப் பெரும்பாலானவை, ஓய்வு நாள்களில் மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோக உணர்கருவியைக் கையிலேந்தி உழுத வயல்களில் நடக்கும் பொழுதுபோக்காளர்களாலேயே கண்டெடுக்கப்படுகின்றன. அகழாய்வுப் பயிற்சி பெற்றிராத சாதாரண மக்களே இவர்களுட் பெரும்பாலார். இவர்களது செயல் வரலாற்றறிவுக்கு ஆக்கமா, அழிவா என்ற வினா அந்நாட்டிலே அரை நூற்றாண்டாக விவாதிக்கப்பட்டு வருகின்றது.

இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. 2015ஆம் ஆண்டிலே, ஒரே வகைக் கருவி ஒரே காலத்தைச் சேர்ந்த இரு புதையல்களை இங்கிலாந்தின் இருவேறு மாவட்டங்களில் வெளிப்படுத்தியது. அவற்றுள் ஒன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலவி வந்த ஓர் எழுத்துச் சான்றினை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. மற்றது துண்டு துண்டாகச் சந்தையிற் சிதறிற்று. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பதை விளக்குவதே எமது நோக்கமாகும்.

1. கருவியும் அதன் எல்லையும்

மறைந்துள்ள உலோகத்தை மின்னின் துணைகொண்டு உணரும் முயற்சி மருத்துவத் தேவையாலும் போர்த் தேவையாலும் வளர்ந்ததாகும். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் சுடப்பட்டபோது, அவரது உடலினுள்ளே தங்கிய குண்டின் இருப்பிடத்தை அறிவதற்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு தூண்டற் கருவியை அமைத்துப் பயன்படுத்தினார், முயற்சி வெற்றியளிக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பிரித்தானியாவில் இருந்த போலந்துப் படையதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி உணர்கருவி, 1942இல் எல் அலமெயின் போர்க்களத்திற் பயன்பட்டது. திரான்சிஸ்டரின் வருகையால் இலேசானவையும் மலிவானவையுமான கருவிகள் கடைகளுக்கு வந்ததைத் தொடர்ந்து, எழுபதுகளிலே இப்பொழுதுபோக்குப் பிரித்தானியாவிற் பெருகியது.

கருவியின் தொழிற்பாடு எளிதில் விளங்கத்தக்கது. அதன் அடியிலுள்ள வட்டத் தட்டினுட் கம்பிச் சுருள் அமைந்துள்ளது. அச்சுருளினூடு ஆடலோட்டம் செல்லும்போது மாறுகின்ற காந்தப்புலம் ஒன்று நிலத்தினுட் பரவும். அப்புலத்தினுள் உலோகத் துண்டொன்று அகப்படின், அதனிடத்தே சுழிப்போட்டங்கள் தூண்டப்படும். அவை தமக்குரிய சிறு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும். அதனைக் கருவி உணர்ந்து ஒலியாக மாற்றிக் கொடுக்கும். கடத்துதிறனின் வேறுபாட்டைக் கொண்டு இரும்பினையும் வெள்ளியினையும் ஓரளவு பிரித்தறிதலும் இயலும்.

எனினும் இக்கருவிக்கு இரு முக்கிய எல்லைகள் உள்ளன. முதலாவது, ஒரு நாணயத்தின் அளவான பொருளைப் பெரும்பாலும் ஓரடி ஆழத்துக்குள்ளேயே அது உணரும். ஆகவே கலப்பையாற் புரட்டப்படும் உழவு மண்ணே அதற்குரிய களமாகும். இரண்டாவது, உலோகம் அல்லாத எதனையும் அது அறியாது. மட்பாண்ட ஓடு, எலும்பு, மரத்தூண் நடப்பட்ட குழியின் கருநிறத் தடம், அடுப்பின் சாம்பல் ஆகியன அதற்கு இல்லாதனவே. ஆனால் ஒரு குடியிருப்பின் வாழ்வினை அறிவிக்கும் சான்றுகளிற் பெரும்பகுதி இவையேயாம். கருவியின் ஒலியை மட்டும் நம்பி விரைந்து தோண்டுவோர், தாம் தேடாத சான்றுகளைத் தம்மையறியாமலே அழித்து விடுதல் கூடும்.

2. கிடப்புச் சூழல்

ஒரு பொருள் எவ்விடத்தில், எவ்வாழத்தில், வேறெவற்றுடன் எவ்வாறு கிடந்தது என்பதனை நாம் அதன் கிடப்புச் சூழல் எனக் குறிப்பிடலாம். சூழலினின்று பிரிக்கப்பட்ட நாணயம், தன்னை அடித்த அரசனின் பெயரைக் கூறும். சூழலோடு கூடிய நாணயமோ, அதனைப் பயன்படுத்திய மக்களைப் பற்றியும் புதைத்தவரின் நிலைமையைப் பற்றியும் கூறும். பொருளை மீண்டும் கழுவித் துலக்கலாம். குலைந்த சூழலை எவராலும் மீட்டமைக்க முடியாது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது சஃபொக் மாவட்டத்து ஹொக்ஸன் கிராமத்துப் புதையலாகும். 1992 நவம்பர் 16ஆம் நாள், கமக்காரர் ஒருவர் வயலிற் தொலைத்த சுத்தியலைத் தேடிக்கொடுக்கச் சென்ற, ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான அவரது நண்பரின் கருவி ஒலித்தது. வெள்ளிக் கரண்டிகளும் பொன் நகைகளும் வெளிப்படத் தொடங்கியதும், அவர்கள் மேலும் தோண்டாது உரியோருக்கு அறிவித்தனர். மறுநாளே தொல்லியலாளர் அவ்விடத்தை முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 உரோம நாணயங்களும் இருநூறளவான பொன், வெள்ளிப் பொருள்களும் கிடைத்தன. தோண்டுதல் நிறுத்தப்பட்டமையால், பொருள்கள் மரப்பெட்டியொன்றினுள்ளே அடுக்கப்பட்டிருந்த முறையும், அப்பெட்டியினுள்ளே வேறு சிறு பெட்டிகள் இருந்தமையும் தெரியவந்தன. நாணயங்கள் இப்புதையல் கி.பி. 407ஆம் ஆண்டுக்குப் பின்னர் மறைக்கப்பட்டதென உணர்த்துகின்றன. உரோம ஆட்சி பிரித்தானியாவிற் சரிந்துகொண்டிருந்த காலத்திலே, செல்வக் குடும்பமொன்று தன் உடைமைகளை அவசரமின்றி, ஒழுங்காகப் பொதிந்து புதைத்தமையை அவ்வடுக்கு முறை காட்டுகின்றது.

அப்புதையலிலே வெள்ளியாலான மிளகுச் செப்புகள் நான்கு உள்ளன. மிளகு தென்னிந்தியாவின் மேற்குக் கரை விளைபொருள். சங்கச் செய்யுள்கள் பேசும் முசிறித் துறை, அதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் அவ்வணிகத்தாற் சிறந்து விளங்கியது. பேரரசின் வடமேற்கு எல்லையிலிருந்த ஒரு வீட்டின் உணவு மேசைவரை அவ்வணிகத்தின் கை நீண்டிருந்தமையை இச்செப்புகள் எமக்கு உணர்த்துகின்றன. தொலைந்த சுத்தியலும் பின்னர் கண்டெடுக்கப்பட்டது. புதையலோடு அதுவும் இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.

3. பகைமையினின்று உடன்பாட்டுக்கு

எழுபதுகளிலே தொல்லியலாளருக்கும் தேடுநருக்குமிடையே கடும் பகைமை நிலவிற்று. பாதுகாக்கப்பட்ட தலங்களில் அனுமதியின்றி இக்கருவியைப் பயன்படுத்துவதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 1980இல் பிரித்தானியத் தொல்லியற் பேரவையும் ஏனைய அமைப்புகளும் இப்பொழுதுபோக்கிற்கு எதிரான பேரியக்கம் ஒன்றைத் தொடங்கின. தேடுநரும் தம் உரிமையைப் பாதுகாக்க 1981இல் ஒரு தேசியப் பேரவையை அமைத்துக்கொண்டனர்.

இப்பூசலின் அடியிலே ஒரு வர்க்க முரண்பாடும் மறைந்திருந்தது எனலாம். கடந்த காலத்தை ஆராயும் உரிமை கற்றோருக்கும் நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியதா என்று தேடுநர் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. பிரித்தானியத் தொல்லியலின் தொடக்கமே நிலவுடைமையாளரின் பொழுதுபோக்கிலேதான் உள்ளது. செல்வந்தர் தம் நிலத்துப் புதைமேடுகளைக் கிளறியபோது அது பழம்பொருளார்வம் எனப் போற்றப்பட்டது. தொழிலாளி அதே ஆர்வத்தோடு வயலில் இறங்கியபோது கொள்ளையெனத் தூற்றப்பட்டது. ஆயினும் சூழலைக் குலைக்கும் செயல் யாவர் செய்யினும் சான்றழிப்பே என்ற தொல்லியலாளரின் வாதத்தையும் மறுத்தல் இயலாது.

இரு சாராரும் முட்டி நின்ற அக்காலத்திலேயே நோர்போக் மாவட்டத்தில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. நோர்விச் நூதனசாலையைச் சேர்ந்த பார்பரா கிறீன், தொல்லியலாளர் ரொனி கிரெகரி முதலியோர் தேடுநரை அணுகி, அவர்கள் கண்டெடுத்தவற்றை அடையாளங் கண்டு, கிடைத்த இடத்தோடு பதிவு செய்யத் தொடங்கினர். நம்பிக்கை வளர்ந்தது, பதிவுகளும் பெருகின. பின்னர் நாடளாவிய திட்டத்துக்கு இதுவே முன்மாதிரியாயிற்று.

சட்டமும் மாறவேண்டியிருந்தது. பழைய பொதுச் சட்டத்தின்படி, பொன்னாலோ வெள்ளியாலோ ஆன பொருள் மீண்டும் எடுக்கும் எண்ணத்துடன் மறைக்கப்பட்டதாயின் மட்டுமே அரசுக்குரிய புதையலாகும். 1939இல் சட்டன் ஹூவிலே கப்பற் புதைகுழியொன்றிற் கிடைத்த ஒப்பற்ற பொன் அணிகள், இறந்தோருடன் நிரந்தரமாக வைக்கப்பட்டவையாதலின் புதையல் அல்லவெனத் தீர்க்கப்பட்டு, நில உரிமையாளரான எடித் பிரெற்றிக்கு உரியவையாயின. அவர் அவற்றை நாட்டுக்கு வழங்கினார். எல்லா உரிமையாளரும் அவ்வாறு நடப்பர் என எதிர்பார்த்தல் இயலாது. எண்பதுகளிலே சறே மாவட்டத்து வொன்பரோவில் உரோமர் காலக் கோயிற்றலம் ஒன்று சூறையாடப்பட்டபோது, காணிக்கையாக இடப்பட்ட நாணயங்களை மீட்டெடுக்கும் எண்ணத்துடன் மறைத்தவையென நிறுவுவதில் இருந்த இடர்ப்பாடு பழைய விதியின் போதாமையை வெளிப்படுத்தியது.

இதன் விளைவாகப் பிறந்த 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. புதைத்தவரின் எண்ணம் பற்றிய வினா கைவிடப்பட்டது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், குறைந்தது நூற்றுக்குப் பத்து வீதம் பொன் அல்லது வெள்ளி கொண்டதுமான பொருள் புதையலாயிற்று. கண்டெடுத்தவர் 14 நாள்களுள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். புதையலா அன்றா எனத் தீர்ப்பவரும் அவரே. நூதனசாலை ஒன்று அதனைப் பெற விரும்பின், சந்தை மதிப்புக்கு ஈடான தொகை வெகுமதியாக வழங்கப்படும். அது வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் சமமாகப் பகிரப்படும்.

அதே 1997இல், புதையல் அல்லாத ஏனைய பொருள்களை விருப்பின்பேரிற் பதிவு செய்யும் திட்டமும் தொடங்கி, 2003அளவில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் பரவியது. மாவட்டந்தோறும் உள்ள தொடர்பு அலுவலர் தேடுநர் கொணரும் பொருளை ஆராய்ந்து, படமெடுத்து, இடத்தைக் குறித்து, பொருளை அவரிடமே திருப்பிக் கொடுப்பர். இவ்வாறு பதிவானவை 15 இலட்சத்துக்கும் மேற்பட்டவை.

4. ஒரே ஆண்டின் இரு புதையல்கள்

ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வைக்கிங் படைகள் இங்கிலாந்தை அலைக்கழித்தபோது, தெற்கே வெசெக்ஸ் நாட்டை அல்பிரெட் மன்னனும், மத்தியிலே மேர்சியா நாட்டைச் சியோல்வுல்ஃப் மன்னனும் ஆண்டனர். அக்காலத்தை அறிய எமக்குள்ள முதன்மையான எழுத்துச் சான்று அங்கிலோ-சக்சன் காலக்குறிப்பாகும். அது அல்பிரெட்டின் ஆட்சிக் காலத்திலே, வெசெக்ஸ் சார்பிலே தொகுக்கப்பட்டது. அதில் அல்பிரெட் நாட்டைக் காத்த வீரன். சியோல்வுல்ஃப்போ வைக்கிங்குகளின் கைப்பொம்மையான அறிவிலி. மேர்சியா பின்னர் வெசெக்ஸின் ஆதிக்கத்துள் வந்தது என்பதை நினைவிற் கொள்வோமாயின், இச்சித்திரிப்பின் அரசியல் நோக்கம் புலனாகும்.

2015 ஒக்ரோபரில் ஒக்ஸ்போர்ட்ஷயர் மாவட்டத்து வொட்லிங்டனுக்கு அண்மையில் தேடுநர் ஒருவர் வெள்ளிப் பொருள்கள் சிலவற்றைக் கண்டார். அவர் தொடர்பு அலுவலருக்கு அறிவித்தார். புதையல் சுற்றியுள்ள மண்ணோடு ஒரே கட்டியாகப் பெயர்க்கப்பட்டு, பிரித்தானிய நூதனசாலையின் ஆய்வுகூடத்திலே சிறிது சிறிதாகப் பிரிக்கப்பட்டது. இருநூறளவான நாணயங்களும், வெள்ளிக் கட்டிகளும், அணிகலன்களும் அதில் இருந்தன. அரசர் இருவர் அருகருகே வீற்றிருக்கும் உருவம் பொறித்த நாணயங்கள் 13 அவற்றிடையே காணப்பட்டன. இவ்வகை நாணயங்கள் அதற்கு முன்னர் இரண்டே அறியப்பட்டிருந்தன: ஒன்று அல்பிரெட் பெயரிலும் மற்றது சியோல்வுல்ஃப் பெயரிலும் அடிக்கப்பட்டது. இரண்டே இருந்தவரையில் அது ஒரு தற்செயலான வெளியீடு எனக் கருத இடமிருந்தது. பல நாணயங்கள் ஒருங்கே கிடைத்ததும் அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. இரு மன்னரும் ஒரே வடிவ நாணயங்களைப் பரவலாக வெளியிட்டனரெனின், அவரிடையே உறுதியான கூட்டு இருந்திருத்தல் வேண்டும். வென்றவரின் காலக்குறிப்பு மறைத்த நட்பினை வயல் மண் வெளிப்படுத்திற்று. ஒக்ஸ்போர்ட்டிலுள்ள அஷ்மோலியன் நூதனசாலை 2017இல் 13.5 இலட்சம் பவுணுக்கு இப்புதையலைப் பெற்றது.

அதே 2015இன் யூன் மாதத்திலே, ஹெரிபோர்ட்ஷயர் மாவட்டத்து லெம்ஸ்டர் நகருக்கு அண்மையில், அதே காலத்ததும் அதே வகை நாணயங்களைக் கொண்டதுமான மற்றொரு வைக்கிங் புதையலை இருவர் கண்டனர். பொன் மோதிரம், பொற்கைவளை, பளிங்குப் பதக்கம் ஆகியவற்றோடு ஏறத்தாழ 300 நாணயங்களும் அதில் இருந்திருக்கலாமெனக் கணிக்கப்பட்டுள்ளது. அவர்கள் அதனை முறைப்படி அறிவிக்காது மறைத்து, நாணயங்களை விற்கத் தலைப்பட்டனர். தொலைபேசியிலிருந்து அழிக்கப்பட்ட நிழற்படங்களைக் காவற்றுறையினர் மீட்டெடுத்ததாலேயே புதையலின் உண்மையான அளவு ஓரளவு தெரியவந்தது. 2019இல் வூஸ்டர் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டு பல ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவ்வேளை மீட்கப்பட்டிருந்த நாணயங்கள் முப்பதளவானவையே. அதே புதையலைச் சேர்ந்தவையெனக் கருதப்படும் 44 நாணயங்கள் தொடர்பாக 2023இல் டரம் நகரில் வேறிருவர் தண்டிக்கப்பட்டனர். எஞ்சியவற்றிற் பெரும்பகுதி மறைந்தே போயிற்று.

தொலைந்தது வெள்ளி மட்டுமன்று. ஒரு புதையலின் முழுமையே சான்றாகும். எந்த மன்னனின் நாணயம் எத்தனை, எந்த அடிப்போன் அடித்தவை எத்தனை, அயல்நாட்டு நாணயம் உண்டா என்ற விகிதங்களிலிருந்தே பணம் எவ்வழியே நடமாடியது, படைகள் எங்கிருந்து வந்தன என்பனவற்றை அறிதல் இயலும். லெம்ஸ்டர்ப் புதையலை வொட்லிங்டன் புதையலுடன் முழுமையாக ஒப்பிடும் வாய்ப்பு என்றென்றைக்குமாக இழக்கப்பட்டது. இரு நிகழ்ச்சிகளிலும் கருவி ஒன்றே. கண்டவுடன் யாருக்கு அறிவிக்கப்பட்டது என்பதே வேறுபாடு.

5. சிறுபொருள்களின் பெருஞ்சான்று

செய்தித்தாள்கள் பொன்னைப் பற்றியே எழுதுகின்றன. ஆனால் பதிவுத் திட்டத்தின் வரலாற்றுப் பெறுமதி மலிவான பொருள்களிலேயே தங்கியுள்ளது. உடைந்த வெண்கல ஊசி, ஈயக் குண்டு, தேய்ந்த செப்புக் காசு, பொத்தான், வார்ப்பூட்டு என்பன அரசரின் உடைமைகள் அல்ல. உழுதோரும் நெய்தோரும் சந்தைக்கு நடந்தோரும் தவறவிட்டவை. எழுத்தில் இடம்பெறாத மக்கள் விட்டுச்சென்ற தடங்கள் இவை. ஒவ்வொன்றும் தனியே அற்பமானது. ஆயிரக்கணக்கில் நிலப்படத்திலே குறிக்கப்படும்போது, அறியப்படாத குடியிருப்புகளும் சந்தைகளும் பாதைகளும் புலப்படுகின்றன.

சஃபொக்கிலுள்ள ரென்டில்ஷம் இதனை நன்கு காட்டும். கிழக்கு அங்கிலிய அரசரின் இருக்கையொன்று அங்கிருந்ததாக எட்டாம் நூற்றாண்டில் பீட் என்னும் துறவி எழுதினார். ஆயின் அதன் இடம் தெரியவில்லை. அங்குள்ள வயல்களிலே இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுவோரால் அலைக்கழிக்கப்பட்ட நில உரிமையாளர் மாவட்டத் தொல்லியலாளரின் உதவியை நாடினார். 2008 முதல் அனுபவமிக்க தேடுநர் சிலர், தொல்லியலாளரின் வழிகாட்டலில் 150 ஹெக்டயர் அளவான நிலத்தை ஆண்டுக்கணக்கில் நடந்து, கண்ட ஒவ்வொரு பொருளின் இடத்தையும் குறித்தனர். அரச இருக்கையின் பரப்பும், அங்கு தொழில் செய்த உலோகக் கம்மியரின் கழிவுகளும் வெளிப்பட்டன. பின்னர் நடந்த அகழாய்வில் 2022இல் மண்டபமொன்றின் தடமும், 2023இல் கோயில் எனக் கருதப்படும் கட்டடத்தின் தடமும் கண்டறியப்பட்டன. தேடுநரின் பொறுமையும் தொல்லியலாளரின் முறையும் இணைந்தமையால் விளைந்த பயன் இது.

உழவு மண்ணிலுள்ள பொருள்களை எடுக்காது விடின் கலப்பையும் இரசாயன உரமும் அவற்றை அழித்துவிடும் என்பது தேடுநரின் வாதம். 2009இல் ஸ்டபோர்ட்ஷயர் வயலொன்றிற் கிடைத்த ஆயிரக்கணக்கான அங்கிலோ-சக்சன் பொன், வெள்ளித் துண்டுகள் உழவினாற் சிதறிக் கிடந்தன. புதைத்த குழியின் தடமே எஞ்சவில்லை. அத்தகைய நிலத்தில் இவ்வாதம் ஏற்கத்தக்கதே. உழப்படாத புல்வெளிக்கோ, மண்ணடுக்குகள் குலையாத தலத்துக்கோ அது பொருந்தாது.

6. உடைமையும் அறிவும்

இங்கிலாந்தின் உடன்பாடு குறைபாடற்றதன்று. அது தேடுநரின் நேர்மையைச் சந்தை விலை கொடுத்து வாங்குகின்றது. 2010இல் கம்பிரியா மாவட்டத்துக் குறொஸ்பி கரெற்றிலே அழகிய உரோமத் தலைக்கவசம் ஒன்று கிடைத்தது. அது செப்புக் கலப்பாலான தனிப்பொருளாதலின் சட்டப்படி புதையல் அன்று. கார்லைல் நூதனசாலை பொதுமக்களிடமும் நிதி திரட்டி ஏலத்திற் போட்டியிட்டும், ஏறத்தாழ 23 இலட்சம் பவுணுக்கு அதனைத் தனியார் ஒருவர் கொண்டார். 2023இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, சிறப்பான வரலாற்று முக்கியத்துவமுடைய எவ்வுலோகப் பொருளையும் புதையலாகக் கொள்ள வழிசெய்து இவ்விடைவெளியைக் குறைத்துள்ளது.

வேறு நாடுகள் வேறு வழிகளைக் கொண்டுள்ளன. அயர்லாந்தில் 1980இற் கண்டெடுக்கப்பட்ட டெரினவிளான் திருக்கலப் புதையல் தொடர்பான வழக்கில், புதையுண்ட தொல்பொருள் அரசுக்கே உரியதென 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அனுமதியின்றித் தொல்பொருள் தேட இக்கருவியைப் பயன்படுத்துவதும் அவ்வாண்டுச் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. டென்மார்க்கிலே தேடுதல் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஆனால் சிறப்புடைய பொருள் அரசுக்குரியது. வெகுமதி கண்டெடுத்தவருக்கே, நிலவுடைமையாளருக்கு அன்று. எமது நாட்டிலும் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டுபிடிக்கப்படாத தொல்பொருள்களை அரசின் உடைமையாகவே கொள்கின்றது.

எம் கருத்தில் டென்மார்க்கின் ஏற்பாடு அடிப்படையில் நீதியானது. நிலத்தைச் சட்டப்படி உடையவர் என்பதால் மட்டும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த மக்களின் எச்சத்தில் ஒருவர் பாதியைப் பெறுதற்கு வரலாற்று நியாயம் எதுவும் இல்லை. எனினும் சட்டப் புத்தகத்தில் அரசுடைமை என எழுதுவதாற் சான்று காக்கப்பட்டுவிடாது. கண்டவர் அச்சமின்றிச் சென்று அறிவிக்கத்தக்க அலுவலர் அண்மையில் இல்லாதவிடத்து, கடுஞ்சட்டம் கண்டுபிடிப்புகளை மறைவுச் சந்தைக்கே துரத்தும். இங்கிலாந்து கற்பிக்கும் முக்கிய பாடம் அதன் வெகுமதி முறையன்று. மாவட்டந்தோறும் தேடுநரைச் சமமாக மதித்து அமர்ந்து, அவர் கொணரும் உடைந்த பொத்தானையும் பதிவு செய்யும் அலுவலரின் பணியே அது.

பொருள் கையில் இருக்க, அது கிடந்த இடம் அறியப்படாது போமாயின், எஞ்சுவது விலை மட்டுமே. இடம் பதிவாகுமாயின், பொருள் யாரிடம் இருப்பினும் அதன் அறிவு அனைவருக்கும் உரியதாகின்றது. அப்பதிவினைச் சாதாரண மக்களின் கையிற் சேர்ப்பது, அவர்களது முன்னோரின் வரலாற்றை எழுதும் பணியில் அவர்களையும் பங்காளராக்குவதாகும். தொல்லியற்றுறையினர் இதனைத் தம் அதிகாரத்தின் குறைவாகக் கொள்ளாது, தம் துறையின் விரிவாகக் கொள்வதே பொருத்தமானது.